நான்கு மூலையிலும் கறுப்பு

ஓய்வூதியம் வாங்குகிறவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு ஆண்டுக்கொரு முறை நேரில் சென்று சான்று தர வேண்டும். இன்று காலை அதற்காக வங்கிக்குப் போயிருந்தேன். கைரேகை பார்க்கும் சிறு பெட்டி ஒன்றை அங்கிருந்த பெண் என் முன் நகர்த்தினாள். வலக்கை விரல்கள் ஐந்தையும் வைத்தாயிற்று, பெட்டி ஏற்கவில்லை. இடக்கைப் பெருவிரலையும் மறுத்துவிட்டது. "ரேகை தேஞ்சு போச்சுங்க ஐயா, வயசானவங்களுக்கு இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, மேசை இழுப்பறையைத் துழாவிப் பழைய மைத்தட்டு ஒன்றை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் அந்த வாடை எழுந்தது. என் பெருவிரலை அவளே பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டினாள். வரிகள் ஒன்றும் விழவில்லை. இளம் வயதில் அரிவாள் பட்ட தழும்பு மட்டும் கறுப்பின் குறுக்கே வெள்ளைக் கோடாக நின்றது.

துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தாள். நான் வாங்கவில்லை. கறுத்த விரலோடு வீட்டுக்கு வந்து, பூசை அறைக்குப் போகாமல், உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒன்பது மாதமாகிறது. இது நீ இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய மடல். அதற்கு நீ எனக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு அவகாசம் தந்திருந்தாய்.

எழுபதுகளின் நடுவில், நீ பள்ளி இறுதி வகுப்பு முடித்து வீட்டில் இருந்தாய். நான் உனக்குப் பத்து வயது மூத்தவன், பள்ளியில் தமிழாசிரியன். தெருக்கோடியில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா வீட்டார், பிள்ளைகளோடு பிரான்சுக்கே குடியேறப் போனபோது, தங்கள் மகள் படித்த கதைப் புத்தகங்களை ஒரு சாக்கில் கட்டி உன்னிடம் கொடுத்துப் போனார்கள். பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. எல்லாவற்றிலும் துப்பறிகிறவள் ஒரு சிறு பெண். மேலட்டையில் அவள் கையில் கைவிளக்கு இருக்கும். எதிரே ஓர் இருண்ட மாடிப்படி, ஒரு பழைய கடிகாரம், ஒரு துருப்பிடித்த சாவி. ஆங்கிலத்தை என் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தாய். பிரெஞ்சு நமக்கு அரசாங்க முத்திரைத் தாளில் பார்த்த அளவே பழக்கம். ஆகையால் அவற்றுக்குப் படங்களைப் பார்த்து நீயே கதை கட்டினாய். பிரெஞ்சு படித்த ஒருவர் ஒரு புத்தகத்தை வாங்கிப் பார்த்து, கதை அப்படி இல்லையே அம்மா என்றபோது, அப்படியானால் எழுதினவருக்குத் துப்பு சரியாகக் கிடைக்கவில்லை என்று நீ சொன்னதாக அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த மார்கழியில்தான் முதல் அச்சை வெட்டினாய். தேய்ந்துபோன அப்பாவின் ரப்பர் செருப்பு, பாதி பிளேடு, ஒட்டிப் பிடிப்பதற்குக் காலியான நூல்கட்டை. செருப்பின் அடியில் இடவலம் மாற்றி வரைந்து, கோட்டை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை எல்லாம் குடைந்து எடுப்பாய். சாவி ஓர் அச்சு, பூதக்கண்ணாடி ஓர் அச்சு, கால்தடம் ஓர் அச்சு. துப்பறியும் பெண்ணுக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டாய். அவளுக்கு இரட்டைப் பின்னலும் பாவாடை தாவணியும் இருப்பதைக் கண்டு, இவள் யார், பள்ளிக்கூடம் போகிறவளா என்று நான் கேட்டேன். "ஏண்ணே, தாவணி கட்டுனா துப்பு கிடைக்காதா?" என்றாய். கெட்டி அட்டையை அஞ்சலட்டை அளவுக்கு நறுக்கி, ஒரு பக்கம் படமும் மறுபக்கம் விலாசமுமாக, உறவுக்காரர்களுக்கெல்லாம் பொங்கல் வாழ்த்து அனுப்புவது உன் திட்டம். கடையில் வாங்கும் அட்டைகளில் பானை பொங்கி வழியும். உன் அட்டையில் பானையையே காணோம். அடுப்பு இருக்கும், கரும்பு இருக்கும். அந்தப் பெண் விளக்கைப் பிடித்துக்கொண்டு கால்தடங்களின் பின்னே போவாள். தடங்கள் ஓரத்தில் நிற்கும் மாட்டினடியில் போய் முடியும். மாட்டின் வாயோரம் இரண்டு பருக்கை ஒட்டியிருக்கும்.

அந்த ஆண்டு படத்தின் கீழே என் வெண்பா ஒன்றையும் எழுதினாய். நான் கேட்டுக்கொண்டதால் எழுதினாய். திருநாளையும் உழவையும் கதிரவனையும் நான்கடிக்குள் அடக்க எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. தளை தட்டாமல், ஈற்றடி கணீரென்று விழுந்த பாட்டு அது என்று அன்று நினைத்திருந்தேன். பதில் கடிதங்கள் வந்தன. எல்லாரும் டார்ச்சுக்காரப் பெண்ணைப் பற்றியே எழுதியிருந்தார்கள். அம்பகரத்தூர் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் மகன்தான் எழுதுவான். படம் பிரமாதம் என்றும், அம்மா அதை அரிசிப் பானை மேல் சாய்த்து வைத்திருக்கிறாள் என்றும் எழுதிவிட்டு, அடியில் ஏதோ பாட்டு மாதிரி இருந்தது, படிக்க நேரமில்லை என்று முடித்திருந்தான். நீ அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டாமல் தாண்டினாய். நான் பின்னர் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்.

மனத்தில் பட்ட இவ்வளவு சிறிய முள்ளை ஓர் ஆண்டு முழுவதும் நான் வளர்த்தேன் என்பதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. நாள்தோறும் விடியலில் குளித்து, நீறணிந்து, பதிகம் ஓதாமல் நீர்கூட அருந்தாதவன். அழுக்காறு என்னும் சொல்லை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னவன்.

அடுத்த மார்கழி வந்தது. நீ புதிதாக ஒன்று கண்டுபிடித்திருந்தாய். அந்தக் கதைகளில் குற்றவாளி அகப்படுவது கைரேகையால். ஆகவே திருடன் வந்து பிடித்துவிட்டுப் போனதுபோல அட்டையிலேயே ரேகை இருக்க வேண்டும் என்றாய். கடை மை ஊதாவாக இருக்கிறது, கதையில் கறுப்பு என்றாய். கண்மைக்குச் செய்வதுபோல விளக்குச் சுடரில் மண்தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தடவிக்கொண்டு, அட்டையின் நான்கு மூலையையும் கிள்ளினாற்போல் பிடித்தாய். முன்பக்கம் பெருவிரல் விழுந்தது. விலாசப் பக்கம் சுட்டுவிரல். என்னிடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "இந்த வருசம் பாட்டு வேணாம்ணே. கோவிச்சுக்காதீங்க, இடம் பத்தல" என்றாய். நல்லது என்றேன். குரல் எப்படி இருந்ததோ, நீ உடனே எழுந்து போய் எனக்கு மோர் கொண்டுவந்தாய்.

மறுநாள் விடியற்காலை குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது, முறத்தில் அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. நீயும் அம்மாவும் தூக்கம் விழித்துப் பின்கட்டில் இருந்தீர்கள். அப்போதுதான் முதன்முதலாக அவற்றைப் பார்க்கிறேன். ஒன்றைக் கையில் எடுத்தேன். படத்தைப் பார்த்தேன். பிறகு மூலைகளைப் பார்த்தேன்.

நல்ல செய்தி தாங்கிய கடிதத்துக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவோம். சாவுச் செய்தி தாங்கிய கடிதத்துக்கு நான்கு மூலையிலும் கறுப்பு. மஞ்சள் தடவிய கடிதங்களை நீ பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாய். அவை சுவாமி படத்துக்குக் கீழே மாதக்கணக்கில் இருக்கும். கறுப்பு தடவியதை நீ ஒருநாளும் கண்டதில்லை. அது வீட்டுக்குள் வராது. தபால்காரர் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக் கூப்பிடுவார். அப்பாவோ நானோ போய், தெருவிலேயே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவோம். வயதுப் பெண் கண்ணில் படக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. உன்னைக் காப்பதற்காக நாங்கள் மறைத்ததை நீ அறியாமல், உன் திருடனின் ரேகையை மிகச் சரியாக அந்த நான்கு இடங்களில் கொண்டுபோய் வைத்திருந்தாய். அம்மாவுக்கு வழக்கம் தெரியும் என்றாலும் அப்படி ஒரு கடிதத்தை அவளும் கண்ணால் கண்டதில்லை; உன் ரேகை அவளுக்கு விளையாட்டாகவே பட்டது. பார்த்ததும் உனக்குச் சொல்ல முடிந்தவர்கள் இந்த வீட்டில் இருவர். அப்பா இரைப்பு நோயால் கட்டிலை விட்டு எழுவதில்லை. முறத்தை அவர் பார்க்கவில்லை. எஞ்சியவன் நான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அட்டையைத் திரும்ப வைத்தபோது விரலில் கரி இருந்தது. கிணற்றடியில் சாம்பல் போட்டுக் கழுவினேன். நீ கூடத்திலிருந்து வந்து, அட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டாய். இன்னும் பார்க்கவில்லை, ஓதி முடித்துப் பார்க்கிறேன் என்றேன். ஓதி முடித்தேன். பார்க்கவில்லை. ஊரார் சொல்லட்டும், டார்ச்சுக்காரியைக் கொண்டாடியவர்களே சொல்லட்டும் என்று உள்ளே ஒரு குரல் இருந்தது. அன்று ஓதிய பதிகத்தின் ஒரு சீரும் பிசகவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அட்டைகளைக் கட்டாகக் கட்டி, போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுங்கள் என்று என்னிடமே கொடுத்தாய். மிதிவண்டியை நிறுத்திவிட்டுத் தபால் பெட்டி முன் நின்றேன். இப்போதும் மீட்டுவிடலாம் என்று தெரிந்தது. கட்டு உள்ளே விழும் ஓசையைக் கேட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய், முதல் பாடவேளையில் அறத்துப்பால் நடத்தினேன்.

மற்ற வீடுகளில் அட்டையைப் புரட்டிப் படத்தைப் பார்த்துத் தெளிந்துவிட்டார்கள். அம்பகரத்தூருக்கு அட்டை போகியன்று காலை போய்ச் சேர்ந்தது. நடந்ததைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வீட்டில் அத்தை மட்டும் இருந்தாள். தபால்காரர் உள்ளே வரவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, காரைக்காலிலிருந்து வந்திருக்கிறது அம்மா என்று விலாசப் பக்கம் தெரிய வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். நான்கு மூலையையும் அத்தை பார்த்தாள். தம்பிக்கு இரைப்பு முற்றியிருப்பது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் அவளுக்கு எழுத்து எதற்கு? அட்டையை அவள் தொடவுமில்லை, புரட்டவுமில்லை. வயலிலிருந்து ஓடிவந்த மகன் அதைக் குப்புறக் கிடந்தபடியே எடுத்து இரண்டாகக் கிழித்தெறிந்துவிட்டு, அத்தையையும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நால்வரையும் பேருந்தில் ஏற்றிவிட்டான்.

நம் வீட்டில் அம்மா மெழுகிக்கொண்டிருந்தாள். நீ வாசலில் செம்மண் இட்டுக்கொண்டிருந்தாய். அப்பா முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, யார் வீட்டில் என்று பதறினாள். குரல் நெருங்க நெருங்க, அது அத்தையின் குரல் என்று தெரிந்தது. பாடப்படுகிறவர் அப்பா என்றும் தெரிந்தது. சின்ன வயதில் தான் தோளில் தூக்கி வாய்க்கால் கடத்திய தம்பி, சீர் கொண்டுவர மறக்காத தம்பி என்று அவள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தாள். ஓடப்போன அம்மாவை அப்பா கையமர்த்தினார்.

"இரு, முடிக்கட்டும். நல்லாத்தான் பாடுது. நான் போனப்புறம் கேக்க முடியுமா?"

தலைவிரி கோலமாக உள்ளே நுழைந்த அத்தை, கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த தம்பியைக் கண்டு அப்படியே தரையில் அமர்ந்துவிட்டாள். முதலில் அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகுதான் சினம் வந்தது. எவள் அட்டை போட்டது என்று கேட்டாள். செம்மண் கையோடு வந்த நீ, நான்தான் அத்தை, பொங்கல் வாழ்த்து என்றாய்.

"மூலையில கரியத் தடவி வாழ்த்தாடி? ஒங்கப்பனுக்கு நாள் குறிச்சு அனுப்புனியா?"

நீ விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். அம்மா உன்னைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். திரும்பி வந்தபோது உன் முகத்தில் இரத்தம் இல்லை. அப்பாதான் பேச்சை இலேசாக்கப் பார்த்தார். அறியாப் பிள்ளை, எனக்கு ஒரு பாட்டு லாபம் என்று இருமலுக்கிடையே சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, விளையாட்டாகத்தான் கேட்டார்:

"தபால்ல போட்டது நீதானப்பா. நீ பாக்கலையா?"

இறைவன் ஒருவனுக்குக் கதவைத் திறந்து வைப்பது இதைவிட அகலமாக இருக்க முடியாது. பார்த்தேன் அப்பா, சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றால், அத்தை என்னை இரண்டு வார்த்தை திட்டியிருப்பாள். பொங்கலோடு போயிருக்கும்.

"பாக்கலப்பா. கட்டாக் குடுத்துச்சு, அப்படியே போட்டுட்டேன்."

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை, எனக்காக ஒரு சொல் பேசு என்ற வேண்டுதல் என்று நான் எடுத்துக்கொண்டேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

பங்குனியில் அப்பா போய்விட்டார். மருத்துவர் தைக்கு முன்பே எங்களிடம் சொல்லிவிட்ட முடிவு அது. ஆனால் அத்தைக்கும் மற்றவர்களுக்கும் அதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. அட்டை போட்டு அழைத்தாள், எமன் வந்துவிட்டான் என்றார்கள். துக்கத்துக்கு வந்த வீட்டிலேயே உன் காதில் விழப் பேசினார்கள். நான் தலைமாட்டில் அமர்ந்து பதிகம் ஓதிக்கொண்டிருந்தேன். ஓதுகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அப்பாவின் ஆண்டுத் திதி முடிந்து எனக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அழைப்பிதழ் கட்டு அச்சகத்திலிருந்து வந்தது. பெண்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து மஞ்சள் தடவத் தொடங்கினார்கள். நீ மஞ்சளைக் குழைத்துக் கிண்ணத்தில் எடுத்து வந்து, அவர்களோடு அமர்ந்து, முதல் பத்திரிகையைக் கையில் எடுத்தாய். அத்தை அதை மெல்ல வாங்கிக்கொண்டாள். "நீ வேணாம்மா. ஒன் கைபட்டா மஞ்சளும் கறுத்துப்போயிடும்" என்றாள். சினத்தோடுகூடச் சொல்லவில்லை. நீ கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாய். நான் நான்கடி தள்ளி, விலாசங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். அது என் கல்யாணம். என் பத்திரிகை. உன் கையால்தான் நடக்க வேண்டும் என்று நான் சொன்னால் தடுக்கிறவர் அந்த வீட்டில் யாரும் இல்லை. அடுத்த விலாசத்தை எழுதினேன். கையெழுத்து அழகாகவே வந்தது. அதன்பின் ஆறேழு ஆண்டுகள், உறவில் யார் வீட்டுத் திருமணமானாலும், மஞ்சள் வைக்கும் வட்டத்திலிருந்து நீயாகவே தள்ளி உட்கார்ந்துகொள்வாய் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அச்சுகளை நீ என்ன செய்தாய் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோடையில் கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தபோது அண்டாவுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளினாய். ரப்பர் கருகும் புகை எழுந்ததும், நெல்லில் நாற்றம் ஏறப்போகிறது என்று அம்மா கத்தினாள். சாவி, கண்ணாடி, கால்தடம். தாவணிக்காரியைக் கடைசியாகப் போட்டாய்.

மாயவரத்தில் வாழ்க்கைப்பட்டாய். எண்பதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம், மாங்கனித் திருவிழாவுக்குக் கைக்குழந்தையோடு வந்திருந்தாய். பிச்சாடனர் வீதிஉலா முடிந்து, மாடிகளிலிருந்து இறைத்த பழங்களில் ஏழெட்டை மடியில் பிடித்துக்கொண்டு வந்தோம். பிற்பகலில் கூடத்தில் குழந்தைக்கு மாம்பழம் பிழிந்து ஊட்டிவிட்டு, உன் பழைய தகரப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினாய். பிறகு ஓர் அட்டையைக் கொண்டுவந்து என் முன் தரையில் வைத்தாய். இரண்டாம் ஆண்டு அட்டை. நான்கு மூலையிலும் உன் ரேகை. கீழ் விளிம்பின் நடுவே, வெள்ளையில், இன்னொரு பெருவிரல். அதன் குறுக்கே ஒரு வெட்டு.

"இது யார் கைன்னு சொல்லுங்கண்ணே, பாப்போம்."

நீ குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாய். அன்று காலையிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாய். மை ஈரமாக இருந்தபோது பிடித்த கை. சட்டென எடுத்து வைத்த கை இல்லை, விரல் இடம் மாறாமல் நெடுநேரம் பிடித்திருந்த கை. கெட்டுப்போன அட்டை என்று தனியே எடுத்து வைத்தாயாம். அப்புறம் நான் இன்னும் பார்க்கவில்லை என்றதும் உனக்குச் சிரிப்பு வந்ததாம்.

"பிடிச்சிருக்கு, ஆனா பாட்டுப் போடாத கோவத்துல சொல்ல மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன். நீங்க பாத்துட்டீங்க, தப்பிருந்தா சொல்லியிருப்பீங்க. அந்தத் தைரியத்துலதான் கட்டி உங்க கையிலயே குடுத்தேன்."

அப்பாவிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். எனக்குக் கேட்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"அன்னிக்கு அப்பா எவ்வளவு நாள் கழிச்சுச் சிரிச்சாரு. அதைக் கெடுக்க மனசு வரல." பிறகு, அந்தப் புத்தகங்களில் கடைசியில் எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்து அந்தப் பெண் ஒருவரை நோக்கி விரலை நீட்டுவாள், எனக்கு எப்போதும் அந்த இடம் மட்டும் பிடிக்காது என்றாய்.

அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் சொற்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. அத்தனை பதிகங்களும் அதையே வேறு வேறு பண்ணில் கேட்கின்றன. இறைவனிடம் நாள்தோறும் கேட்டுப் பழகிய வாய்க்குத் தங்கையிடம் ஒருமுறை கேட்க வரவில்லை. குழந்தைக்கு வியர்க்கிறது, விசிறு என்றேன். வெளியே போனேன். அந்த அட்டையை அரசலாற்றில் விட்டேன். சான்றை அழித்தேன் என்று நீ ஊகித்திருப்பாய், கேட்கவில்லை.

அதன்பின் ஆண்டுதோறும் உனக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்தேன். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, பச்சரிசி. ஒவ்வோராண்டும் பேருந்தில் அமர்ந்து, இம்முறை சொல்லிவிட வேண்டும் என்று சொற்களை அடுக்கிக்கொண்டு வருவேன். "வாங்கண்ணே" என்று சீரைக் கையில் வாங்குவாய். உன் மாமியார் எதிரே, என் அண்ணன் ஒரு வருசம்கூடத் தவறினதில்லை என்பாய். காபி வரும். மாலைப் பேருந்தைப் பிடிப்பேன். மனம், மொழி, மெய் என மூன்று வழியில் தீவினை வரும் என்று மாணவர்க்குச் சொல்லியிருக்கிறேன். பேசாமல் இருந்த வாயை அந்த மூன்றில் எங்கே வைப்பது என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விடை தெரிந்திருக்காது.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தோம். அம்பகரத்தூர் அத்தான், அன்று அட்டையைக் கிழித்தவர், எண்பதைத் தாண்டிவிட்டார். வெற்றிலையை மடித்துக்கொண்டே பழங்கதையைத் தொடங்கினார். உயிரோடிருந்தவருக்கு ஒப்பாரி வைத்த கதை. உன் பேரப்பிள்ளைகள் கேட்டுச் சிரித்தார்கள். ஆனாலும் அந்த அட்டை வந்த ரெண்டாம் மாசமே மாமா போயிட்டாரே, பாவம், கை ராசி அப்படி என்று அவர் முடித்தார். உன் படத்துக்குப் போட்ட மாலை வாடியிருக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். அப்பா கேட்ட கேள்விக்கு ஐம்பதாண்டு கழித்து விடை சொன்னேன். அட்டைகளைத் தபாலில் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே பார்த்தேன், கறுப்பைக் கண்டேன், பொருள் தெரிந்தவன் நான், என் பாட்டை விட்டுவிட்டாள் என்ற பொறாமையால் வாய் திறக்கவில்லை, அப்பாவிடம் பொய் சொன்னேன், அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, இதான் மச்சான். பொய்யே பேசாத மனுசன், தங்கச்சிக்காக இன்னிக்குப் பொய் பேசுறாரு."

இல்லை, உண்மை என்றேன். ஆமாமாம், உண்மைதான் என்று என் கையைப் பற்றி உட்கார வைத்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். உன் மகள் மட்டும் அடுக்களை நிலையருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாம்பழம் உண்ட குழந்தை. எல்லாரும் கலைந்தபின் அருகே வந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா மாமா?"

தெரியும் என்றேன். தலையசைத்தாள். விரித்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். அதன்பின் அவள் எனக்குத் தொலைபேசவில்லை. அவள் ஒருத்தியாவது நம்பினாள் என்று அதைத்தான் பற்றிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்களிடையே அந்தச் செய்தி வேறு விதமாகப் பரவிவிட்டது. உடன்பிறந்தாளின் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட பெரியவர் என்று கோயிலில் எனக்கு வழிவிடுகிறார்கள். நீ ஐம்பது ஆண்டு செய்யாத குற்றத்தைச் சுமந்தாய். எனக்குச் செய்யாத அறம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவரிடம் மறுத்தேன், அடக்கம் என்றார். இன்னொருவரிடம் மறுத்தேன்; அவர் கண் கலங்கினார். போன வாரம் உறவில் ஒருவர், உடன்பிறப்பு என்றால் இவரைப்போல் இருக்க வேண்டும் என்று தம் மகனையும் மகளையும் அழைத்து வந்து என் காலில் விழச் சொன்னார். இரண்டும் ஒன்றாக விழுந்தன. அண்ணனுக்குப் பத்து வயதிருக்கும், தங்கைக்கு ஆறு.

சொல்லியிருக்க வேண்டும். தலையில் கை வைத்து, நல்லா இருங்க என்றேன்.